தேய்ந்த பழைய பாணித் தலைப்பெழுத்து: தமிழில் சொல் கெடாமல் செய்யும் முறை

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு டிசைன் கடையில் இருந்தால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். விளையாட்டுக் கழகத்துப் பெடியன் ஒருவன் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டுவான். தடித்த ஆங்கில எழுத்து, அங்கங்கே மை போனதுபோலத் தேய்ந்திருக்கும். “அண்ணை, இதே மாதிரித் தமிழில அடிச்சுத் தாங்கோ.”

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் செய்வது, அந்த ஆங்கில எழுத்துருவை இறக்கி அதில் தமிழைத் தட்டுவது. அது சரிவராது. அந்த எழுத்துருவுக்குள் தமிழ் எழுத்தே இல்லை. மென்பொருள் சத்தமில்லாமல் விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றை எடுத்துப் போடும், அல்லது வெறும் பெட்டிகளைக் காட்டும். அடுத்து செய்வது, ஏதோ ஒரு தமிழ் எழுத்தின் மேல் இணையத்தில் கிடைத்த கீறல் படத்தைக் கவிழ்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. தூரத்தில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வாசித்தால்தான் தெரியும், ஊர்ப் பெயரே மாறிப் போயிருக்கும்.

ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் ஒரு பொட்டு விழுந்தாலும் போனாலும் வாசிப்பு பெரிதாகக் கெடாது. தமிழில் ஒரு குற்று (மெய்யெழுத்தின் தலையில் வரும் புள்ளி) போனால் எழுத்தே வேறு. கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதைக் கருதி அமைத்ததுதான்.

தொடங்குமுன் தேவையானவை

யூனிகோட் தமிழ் எழுத்துரு ஒன்று, தடித்த வகை. வரைகோட்டு வேலைக்கு இன்க்ஸ்கேப், படவேலைக்கு கிம்ப். இரண்டும் இலவசம். போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் இருந்தாலும் இதே வரிசைதான். ஒரு கைப்பேசி கமரா. நீங்கள் செய்ததை முதன்முறையாகப் பார்த்து வாசிக்க இன்னொரு ஆள். இந்தக் கடைசித் தேவையைத்தான் எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள்.

1. எதில் அச்சாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள்

எவ்வளவு நுணுக்கமாகத் தேய்க்கலாம் என்பதை முடிவு செய்வது அச்சு முறை. டிசைன் முடிந்தபின் கேட்டால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பிளெக்ஸ் பதாகை என்றால் உண்மையான அளவில் அங்குலத்துக்கு 72 முதல் 100 பிக்சல் போதும். 10க்கு 4 அடிப் பதாகை, 100 பிக்சல் கணக்கில் 12,000க்கு 4,800 வரும். பழைய கணினி திணறினால் 72இல் செய்யுங்கள். சணல் நூல் தடிப்புக்குக் குறைந்த கீறல் எதையும் வீதியில் போகிறவர் காணப்போவதில்லை. ஆகவே பெரிய தேய்வுகளாகப் போடுங்கள்.

டீசேட்டுக்குத் திரை அச்சு என்றால், நெஞ்சுப் பகுதிக்கு 12 அங்குல அகலம், அங்குலத்துக்கு 300 பிக்சல். ஒரே நிறம், சாம்பல் கலப்பு இல்லாமல். மை துணியில் கொஞ்சம் பரவும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த ஓட்டைகள் அடைபட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடிஎஃப் (படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் துணியில் ஒட்டும்) முறையில் வேறு சிக்கல்: தனியே நிற்கும் மிகச் சிறிய மைத்துளிகளைப் பசைத்தூள் சரியாகப் பிடிக்காது, சில தடவை துவைத்தால் உதிரும். பாதி தெரியும், பாதி தெரியாத பிக்சல்கள் இருந்தால் அடியில் போகும் வெள்ளை மை ஓரமாக எட்டிப் பார்க்கும்.

ஸ்டிக்கரை வெட்டி ஒட்டும் வேலைக்கு இந்தப் பாணியை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பொட்டையும் இயந்திரம் தனித்தனியாக வெட்டும், நீங்கள் ஊசியால் தனித்தனியாகக் கிளற வேண்டும். முச்சக்கர வண்டிக் கண்ணாடிக்கு ஒரு பெயர் ஒட்ட ஒரு பகல் போய்விடும்.

2. சொல்லை உறுதி செய்யுங்கள்

வாடிக்கையாளர் எழுதித் தந்ததை யூனிகோடில் தட்டி, சாதாரண எழுத்தில் அவருக்கே அனுப்பி, “சரி” என்று பதில் வந்தபின்தான் அலங்காரம். தேய்த்த எழுத்தில் எழுத்துப்பிழை கண்ணுக்குத் தப்பும். கீறலா, பிழையா என்று உங்களுக்கே குழம்பும்.

எங்கள் பக்கத்தில் பழைய கோப்புகள் பல பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், ஏனென்றால் அதில் குற்றுக்கு இருப்பது அரைப்புள்ளி விசை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியபின் ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். ஆங்கிலச் சொல், இலக்கம், அடைப்புக்குறி கலந்த இடங்களில்தான் மாற்றி சறுக்கும்.

3. எழுத்துருவைத் தெரிவு செய்யுங்கள்

தடிப்பு வேண்டும். தேய்வு எழுத்தின் உடம்பைத் தின்னும். மெல்லிய எழுத்தில் தின்பதற்கு ஒன்றும் இல்லை. அதேநேரம் எழுத்தின் உள்வெளி, அதாவது ‘ம’, ‘ழ’, ‘ண’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம், அடைபடாமல் திறந்திருக்க வேண்டும்.

திறந்த உரிமத்தில் கிடைப்பவற்றில் நான் முதலில் கை வைப்பது அனெக் தமிழ். தடிப்பு 800 வரை போகும், அகலத்தையும் ஒடுக்கலாம், நீட்டலாம். ஒடுக்கி 800இல் வைத்தால் பழைய சுவரொட்டித் தோற்றம் பாதி தானாகவே வந்துவிடும். முக்த மலரின் அதிதடிப்பும் கட்டமரனின் 900உம் டீசேட்டுக்கு நன்றாக நிற்கும். ஈய அச்சுபோல வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழின் 900. பலூ தம்பியைப் பலர் எடுக்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை, மூலையெல்லாம் உருண்டு சிறுபிள்ளைகளின் பிறந்தநாள் அட்டைபோல இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் வயசு ஏறாது.

இவை எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், உருவத்தை மாற்றலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் வருகிறதென்றால் அந்தத் தேய்ந்த ஆங்கில எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். இலவசம் என்று கிடைப்பவற்றில் பல, சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

பழமை கூட்ட ஒரு குறுக்கு வழி உண்டு. 1978இல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய 13 எழுத்துகளின் பழைய வடிவம்: துதிக்கை போட்ட லை, னை, ளை, ணை, சேர்த்து எழுதிய றா, னா, ணா போன்றவை. ‘கலை விழா’ என்ற தலைப்பில் ஒரு ‘லை’யை மட்டும் பழைய வடிவத்தில் வரைந்தால் எந்தக் கீறலும் இல்லாமலே எழுத்துக்கு வயசு வந்துவிடும். பெரும்பாலான எழுத்துருக்களில் இந்த வடிவம் கிடைக்காது, அடுத்த படியில் கையால்தான் வரைய வேண்டும். ஒரு தலைப்பில் ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு வாசிக்க வராது.

4. தட்டி, பார்த்து, வரைகோடாக்குங்கள்

இன்க்ஸ்கேப்பில் தமிழ் சரியாகவே கோர்த்து வரும். போட்டோஷொப்பில் ‘பொங்கல்’ என்று தட்டினால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துரு பழுது என்று நினைக்க வேண்டாம். விருப்பத்தெரிவுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் மறுபடி தட்டுங்கள்.

இப்போது கோப்பை ‘மூலம்’ என்று ஒரு பெயரில் சேமியுங்கள். அப்புறம் ஒரு பிரதி எடுத்து அதை மட்டும் வரைகோடாக்குங்கள், அதாவது தட்டிய எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுங்கள். இன்க்ஸ்கேப்பில் கொன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். வரைகோடானபின் எழுத்தைத் திருத்த முடியாது. திகதி மாறும், தலைவர் பெயர் மாறும், அப்போது மூலம் இல்லாவிட்டால் முதலிலிருந்துதான்.

எழுத்திடைவெளியை வரைகோடானபின் கையால் சரிசெய்யுங்கள். மென்பொருளில் இடைவெளியைக் கூட்டினால் சிலவற்றில் கொம்பும் அரவும் (‘கா’வில் பின்னால் வரும் கால்) தம் எழுத்தை விட்டு விலகிப் போகும். இரண்டு வரி வந்தால், மேல் வரியின் ‘ரு’, ‘து’ கீழே இறங்கும், கீழ் வரியின் விசிறி (‘கி’, ‘கீ’யில் வரும் மேல் வளைவு) மேலே ஏறும். இரண்டும் முட்டாமல் வரியைத் தள்ளுங்கள். முட்டிய இடத்தில் தேய்வும் விழுந்தால் எது எந்த எழுத்தின் துண்டு என்று தெரியாது.

5. குற்றைப் பெருப்பியுங்கள்

தேய்க்கத் தொடங்குமுன் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு மெய்யெழுத்தின் குற்றையும் ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள். அடுத்த படியில் மை பரவும்போது நெருக்கமான குற்று எழுத்தோடு ஒட்டிவிடும். ஒட்டினால் ‘ட்’ வெறும் ‘ட’ ஆகி, தலையில் ஒரு மொட்டு முளைத்ததுபோல நிற்கும்.

6. முதலில் மை பரவல், பிறகுதான் தேய்வு

பழைய அச்சில் மூலைகள் கூராக இருக்காது. மை கொஞ்சம் வழிந்து மழுங்கியிருக்கும். அதைச் செய்ய, எழுத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கி, கௌசியன் மங்கலைப் போட்டு, உடனே திரெஷோல்ட் (சாம்பலை எல்லாம் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளையாக்கும் கருவி) போடுங்கள். எழுத்தின் உயரம் 1,000 பிக்சல் என்றால் மங்கல் 6 முதல் 10 பிக்சல் போதும். மூலை மழுங்கும், உட்கோணங்களில் மை தேங்கியதுபோல நிரம்பும்.

இந்த வரிசையை மாற்றவே கூடாது. தேய்த்தபின் மங்கலாக்கினால் நீங்கள் போட்ட சின்னக் கீறல்கள் எல்லாம் நிரம்பி, பெரிய ஓட்டைகளின் ஓரமெல்லாம் குமிழிபோல உருண்டுவிடும். புதியவர்களின் வேலையை ஒரே பார்வையில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

7. தேய்வுப் படத்தை நீங்களே எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் அதே நாலு கீறல் படங்கள்தான் எல்லாப் பதாகையிலும் ஓடுகின்றன. வன்னியில் இருந்துகொண்டு தேய்ந்த மேற்பரப்பைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டுமா? துருப்பிடித்த தகரம், நெல் காயப்போட்டுக் காயப்போட்டுத் தேய்ந்த சீமெந்துத் தளம், பனையின் அடிமரம், பெயின்ற் உரிந்த கதவு. காலை ஏழு எட்டு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது நேர் எதிரே நின்று எடுங்கள். உச்சி வெயிலில் மேடுபள்ளம் தட்டையாகிவிடும்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, திரெஷோல்டை நகர்த்திப் பாருங்கள். வெள்ளை பெரும்பாலும், கறுப்புத் திட்டுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் எழுத்தைவிட ஓட்டைதான் தெரியும். தகரம் பெரிய திட்டுகளைத் தரும், பதாகைக்கு நல்லது. சீமெந்து பொடிப்பொடியாகத் தரும், டீசேட்டுக்கு அதைப் பெருப்பித்துத்தான் போட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். சன்னமும் செல்லும் பட்ட சுவரை இதற்கு எடுக்காதீர்கள். அந்தத் துளைகளின் வடிவத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். தேநீர்க்கடைப் பெயரில் அது வந்தால் வாசிப்பவர் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

8. மாஸ்கில் தேயுங்கள், அழிப்பானால் அல்ல

எழுத்து லேயரில் மாஸ்க் (கறுப்பு உள்ள இடத்தில் எழுத்தை மறைக்கும் திரை) ஒன்றைச் சேர்த்து, தேய்வுப் படத்தை அதற்குள் ஒட்டுங்கள். அழிப்பானால் அழித்தது திரும்பி வராது. மாஸ்கில் வெள்ளை பூசினால் எழுத்து திரும்பி வரும். அடுத்த படி முழுக்க இந்த வசதியில்தான் நிற்கிறது.

படத்தை முழுச் சொல்லுக்கும் ஒன்றாகப் போடுங்கள். எழுத்து எழுத்தாகப் போட்டால் ‘ப்பு’வில் இருக்கும் இரண்டு பகரத்துக்கும் ஒரே இடத்தில் ஒரே காயம் வரும். தேய்ந்த ஆங்கில எழுத்துருக்களிலும் இதே குறை உண்டு: ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் ஒரே கீறலும் இரண்டு முறை வரும். பக்கத்தில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் வரைகோடாக்கி, ஒன்றின் கீறலையாவது மாற்றிவிடுங்கள்.

9. எழுத்தைக் காப்பாற்றும் சுற்று

மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் இதில் நின்று நிதானமாகச் செய்யுங்கள். படத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் போக வேண்டும்.

‘பரந்தன்’ என்ற சொல்லை எடுங்கள். இரண்டாவது எழுத்து ‘ர’. அதற்கும் அரவுக்கும் உள்ள வித்தியாசம் காலின் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடு மட்டும். அங்கே ஒரு திட்டு விழுந்தால் ஊர் ‘பாந்தன்’ ஆகிவிடும். மாஸ்கில் வெள்ளைத் தூரிகையை எடுத்து அந்தச் சாய்கோட்டை முழுமையாக மீட்டுவிடுங்கள். தேய்வு வேண்டுமென்றால் அதே எழுத்தின் மேல் கோட்டில் எவ்வளவும் போடலாம், அங்கே எந்த ஆபத்தும் இல்லை.

‘புதுக்குடியிருப்பு’ இன்னும் நல்ல பரீட்சை. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள ‘பு’வில் கீழே இறங்கும் கோடு போனால் ‘ப’. ‘டி’, ‘யி’ இரண்டின் விசிறி நடுவில் அறுந்தால் ‘ட’, ‘ய’வுக்கு மேலே ஏதோ ஒரு தூசு. நடுவில் ‘க்’, ‘ப்’ இரண்டுக்கும் குற்று. ஒன்பது எழுத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவை: குற்று எல்லாம் முழுமையாக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு கடி இருந்தால் பரவாயில்லை. ‘எ’–‘ஏ’, ‘ஒ’–‘ஓ’ இவற்றைப் பிரிக்கும் வால். ‘கெ’–‘கே’வின் கொம்புச் சுழி. ‘கி’–‘கீ’யின் விசிறி நுனி. ‘ன’–‘ண’ இவற்றின் சுழி எண்ணிக்கை. ஒரு சுழி அடைபட்டால் கணக்குப் பிழைக்கும்.

காப்பாற்றுவதோடு வேலை முடியவில்லை. இல்லாத குற்றும் முளைக்கும். எழுத்தின் மேலே, வெளியே, பின்னணியில் மைத்துளிகள் தெறித்ததுபோலப் போடுவது இந்தப் பாணியில் வழக்கம். அந்தத் துளி ஒன்று உயிர்மெய்யின் தலைக்கு நேரே வட்டமாக விழுந்தால் கண் அதைக் குற்றாகத்தான் வாசிக்கும். எழுத்துகளின் தலைக்கு மேலே உள்ள பட்டையில், குற்றின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வட்டத் துளி எதையும் விட்டுவைக்காதீர்கள். நீட்டுக் கீறல் இருக்கலாம், அதை யாரும் குற்றென்று எடுக்கமாட்டார்கள்.

‘ஒட்டுசுட்டான்’ என்று எழுதி மூன்று குற்றுகளும் நின்று, நாலாவது ஒன்று எங்கும் தோன்றாமல் இருந்தால் உங்கள் சுற்று சரி.

10. நிறம்

தேய்ந்த எழுத்துக்கு ஏற்கெனவே பரப்பு குறைவு. அதன்மேல் மண்ணிறப் பின்னணியில் மண்ணிற எழுத்து போட்டால் கணினித் திரையில் மட்டும்தான் அழகு. பின்னணி வெளிறிய தாள் நிறம் என்றால் எழுத்து கடும் செங்கல் நிறமோ கரும்பச்சையோ ஆகட்டும். வெயிலில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் முதலில் மங்கும். ஏ9 வீதியோரம் வெயில் நேரே படும் இடத்தில் கட்டப்போகும் பதாகை என்றால் சிவப்பை ஒரு படி கூடுதலாகவே வையுங்கள். மங்கலும் புழுதியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

11. வாசிக்கக் கொடுங்கள்

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு அங்குல எழுத்து, பத்து அடித் தூரம். விசிறி, குற்று, கீழ்க்கோடு எல்லாம் சேர்க்காமல் எழுத்தின் உடம்பை மட்டும் அளவுங்கள். தேய்த்த எழுத்துக்கு அதில் பாதித் தூரம்தான் நான் நம்புவேன்.

அப்புறம் உண்மையான அளவில் ஒரு ஏ4 துண்டை அச்சிட்டு, சொல்லைத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். தெரிந்தவர் மனதில் இருப்பதைத்தான் வாசிப்பார். அவர் ஓரிடத்தில் நின்று யோசித்தால் விளக்கம் சொல்லாமல் அந்த எழுத்துக்கு மாஸ்கில் திரும்பிப் போங்கள்.

12. எங்கே போடலாம், எங்கே கூடாது

கழக டீசேட், தேநீர்க்கடைப் பெயர், பனங்கட்டிப் பொதி, நாட்டரிசிப் பை, நாடகச் சுவரொட்டி, பழைய மாணவர் ஒன்றுகூடல்: இவற்றுக்கெல்லாம் பொருந்தும். பெரிய எழுத்தில் இரண்டு மூன்று சொல்லுக்குத்தான். தொலைபேசி இலக்கம், திகதி, முகவரி எல்லாம் சுத்தமான எழுத்தில் இருக்கட்டும். தேய்ந்த 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரிந்தால் அழைப்பு வேறு யாருக்கோ போகும்.

கோயில் திருவிழாப் பதாகையில் தெய்வத்தின் பெயரைத் தேய்க்க வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மன் பெயரில் வெடிப்பும் கீறலும் விழுந்த பதாகையைக் கட்டிப் பாருங்கள், முதலில் வரும் அம்மாவே கழற்றச் சொல்லுவார். மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு அட்டை இவற்றுக்கும் கேட்டாலும் செய்யாதீர்கள்.

13. அனுப்பும் முறை

திரை அச்சுக்கு ஒரே நிற டிஃப், அல்லது இன்க்ஸ்கேப்பில் டிரேஸ் செய்த பிடிஎஃப். டிடிஎஃப்புக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஓரங்கள் கூராக. பிளெக்ஸுக்கு உயர்தர ஜேபெக் போதும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். சுருங்கிய படத்தில் கீறல்களைச் சுற்றி அழுக்குச் சதுரங்கள் வரும். அச்சுக்காரர் அதையும் தேய்வு என்று நினைத்து அப்படியே அடித்துவிடுவார். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், கோப்புப் பெயரிலேயே அளவையும் போடுங்கள். மூலக் கோப்பு, தேய்வுப் படம், மாஸ்க் உள்ள கோப்பு மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். அடுத்த வருடம் கழகத்தார் வருடத்தை மட்டும் மாற்றித் தரச்சொல்லி வருவார்கள்.